பழைய ஜீப்புக்குச் சூடாகும் சைடு மிரர்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரை நெடுகப் பழைய ஜீப் வகை வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மஹிந்திரா எம்.எம். 540, மேஜர், பழைய தார், மாருதி ஜிப்ஸி என்று பல வகை. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்படுவதற்கு முன்பு, தனுஷ்கோடி மணலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவை இந்த மாதிரி வண்டிகள்தான். இவற்றின் சைடு மிரருக்குப் பின்னால் ஹீட்டர் பேட் (கரண்டில் சூடாகும் மெல்லிய தாள்) ஒட்டி, பனியிலும் மழையிலும் மிரரைத் தெளிவாக வைத்துக்கொள்வது பற்றி வண்டிக்காரர்கள் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரும் மல்டிமீட்டரும் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் கடலோரத்தில் சில விஷயங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

நம் ஊரில் ஐஸ் கட்டும் குளிரே கிடையாது. சூடாகும் மிரர் இங்கே எதற்கு?

ஐஸுக்காக இல்லை, பனிக்காக. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வது நம் கடற்கரைக்கும் பொருந்தும். மார்கழி பாதியிலிருந்து மாசி வரை, மேகம் இல்லாத இரவில் வெளியே நிற்கும் வண்டியின் கண்ணாடியும் தகரமும் தங்கள் சூட்டை வானத்தைப் பார்த்து இழந்துகொண்டே இருக்கும். சுற்றியிருக்கும் காற்றைவிடக் கண்ணாடி சில டிகிரி குளிர்ந்துவிடும். கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருப்பதால் அந்தச் சில டிகிரியே போதும், மிரர் முழுக்கப் பொடிப்பொடியாக நீர் கோத்துவிடும்.

விடியற்காலை நாலு மணிக்கு மீன் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். வலது மிரரைக் கையை நீட்டித் துடைத்துக்கொள்ளலாம். இடது மிரர் ஓட்டுநருக்கு எட்டாது. அந்தப் பக்கம்தான் மீன் கூடை கட்டிய டி.வி.எஸ். 50-ம், பின்விளக்கு இல்லாத சைக்கிளும், அக்னி தீர்த்தத்தை நோக்கி ஓரமாக நடக்கிற யாத்திரைக்காரர்களும். அவர்களைப் பார்க்க வேண்டிய மிரரில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் தெரிந்தால் அந்தப் பக்கம் வண்டியை ஒதுக்கவே கூடாது. என்னைக் கேட்டால், பணம் ஒரு மிரருக்குத்தான் இருக்கிறது என்றால் இடது மிரருக்கு மட்டும் போடுங்கள்.

கடல் உப்பு படிந்து மங்குகிறதே, அதையும் ஹீட்டர் சரிசெய்யுமா?

செய்யாது. இந்த ஒன்றை எதிர்பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அலை உடையும்போது கிளம்பும் நுண்ணிய திவலைகள் காற்றோடு வந்து கண்ணாடியில் படிகின்றன. காற்று பலமாக அடிக்கிற நாளில் பாம்பன் பாலத்தை ஒரு தடவை கடந்தாலே போதும், மிரரைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தானாகவே கரையத் தொடங்கும். நம் கடற்கரை இரவுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே உப்புப் படிந்த மிரர், பனி இறங்கும் அளவுக்குக் குளிராமலேயே நனைந்துபோகும். கழுவிய மிரர் தெளிவாக இருக்கிற இரவில் கழுவாத மிரர் மங்கி நிற்பது இதனால்தான்.

இப்போது அந்த நனைந்த மிரரில் ஹீட்டரைப் போடுங்கள். ஈரம் காயும், உப்பு அங்கேயே நிற்கும். ஒரு டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் கண்ணாடி மேல் மெல்லிய வெள்ளைப் படலம் தெரியும். அதற்குள் துளி துளியாக வளையங்கள் இருக்கும், ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் உப்பு தடித்து நிற்கும். பின்னால் வரும் லாரியின் ஹெட்லைட் அதில் பட்டால் மிரர் முழுக்க ஒரே வெளிச்சம், லாரி எவ்வளவு தூரத்தில் வருகிறது என்றே கணிக்க முடியாது.

எனவே முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஹீட்டர். வண்டியில் எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும். அது குடிக்கிற தண்ணீராக இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் பல இடங்களில் போர் தண்ணீரே கரிக்கும். அதைக்கொண்டு கழுவினால் உப்பைக் கழுவி உப்பைப் பூசியதாகத்தான் ஆகும். தண்ணீரை ஊற்றி உப்பையும் மணலையும் ஓடவிட்ட பிறகு மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த மிரரை அப்படியே துணியால் தேய்க்கவே வேண்டாம். கச்சான் காற்றில் வந்து ஒட்டிய மணல் கண்ணாடியைக் கீறிவிடும், அந்தக் கீறல்களில் மறுபடியும் உப்பு தங்கும்.

வடகிழக்குப் பருவமழையில் எவ்வளவு பயன்?

ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையில் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பெரிய பயன் எதிர்பார்க்க வேண்டாம். துளிகள் காய்வதைவிட வேகமாக வந்து விழும். தூறலிலும், மழை விட்ட பிறகு மிரரில் ஒட்டிக்கொண்டு நிற்கும் துளிகளைப் போக்குவதிலும் நன்றாகவே வேலை செய்யும்.

துளி ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் பாலிஷ் தடவலாமா என்றும் கேட்கிறார்கள். மழைக்கு நல்லது. ஆனால் பனி இறங்கும்போது அந்தப் பூச்சு நீரைப் பொடிப்பொடி முத்துகளாகத் திரட்டி நிறுத்தும், அது ஒளியை இன்னும் சிதறடிக்கும். ஹீட்டரும் பூச்சும் சேர்ந்திருந்தால் பரவாயில்லை. பூச்சு மட்டும் என்றால் மார்கழியில் தொந்தரவுதான்.

ராத்திரி ஒரு துணிப்பையை மாட்டிவைத்தால் போதாதா?

பலருக்குப் போதும். பனி இறங்குவதற்குக் கண்ணாடி வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். நடுவே ஒரு மறைப்பு இருந்தாலே அவ்வளவாகக் குளிராது. கொட்டகைக்குள்ளோ அடர்ந்த வேப்பமரத்தடியிலோ நிற்கும் வண்டியில் பனி குறைவாக இருப்பதும் அதனால்தான். வீட்டிலிருந்து காலையில் ஒரே தடவை கிளம்புகிறவர் மிரருக்கு ஒரு பை தைத்து மாட்டினால் போதும், ஹீட்டர் தேவையில்லை என்றே சொல்வேன்.

மீன் இறங்குதளத்தில் மணிக்கணக்காகக் காத்திருக்கிறவர்கள், விடிவதற்குள் பரமக்குடி பக்கம் வயல்களுக்கு நடுவே மூடுபனியில் போகிறவர்கள், இதே வண்டியில் கொடைக்கானல், மூணாறு ஏறுகிறவர்கள், இவர்களுக்கு ஹீட்டர் உண்மையிலேயே உதவும்.

என்ன வகை வாங்குவது?

மூன்று வழி. மிரரை முழுசாக மாற்றுவது, ஹீட்டர் உள்ள கண்ணாடியை மட்டும் மாற்றுவது, இருக்கிற கண்ணாடிக்குப் பின்னால் பேட் ஒட்டுவது. பழைய ஜீப் மிரருக்கு என்றே ஹீட்டர் கண்ணாடி கடையில் கிடைப்பது அரிது, ஆகவே பெரும்பாலும் மூன்றாவது வழிதான். பேட் என்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன்மேல் சூடாகும் கோடுகள் அச்சிட்டிருக்கும், ஒரு பக்கம் பசை இருக்கும்.

வாங்கும்போது பி.டி.சி. வகையா என்று கேளுங்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடையும் ஏறுவதால் கரண்ட் தானாகக் குறையும், அளவுக்கு மீறிச் சூடாகாது. சாதாரண வகையில் அந்தக் காப்பு இல்லை. அளவு, கண்ணாடியைவிட நாலாபுறமும் சுமார் அரை சென்டிமீட்டர் சிறியதாக இருக்கட்டும். பெரிய பேடை வாங்கிக் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கோடு ஒன்று அறுந்தால் பேடே செத்துப்போகும். இங்கே வெட்டலாம் என்று அதன்மேலேயே அச்சிட்டிருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய ஆல்டர்னேட்டர் இதைத் தாங்குமா?

தாங்கும். ஒரு பேட் 15 வாட் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அது 1.25 ஆம்பியர் இழுக்கும், இரண்டும் சேர்ந்து 2.5 ஆம்பியர். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வருவதால் 3 ஆம்பியர் பக்கம் போகும். 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றே நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. இரண்டு மிரரும் சேர்ந்தாலும் ஒரு பல்புக்குக் குறைவுதான்.

எஞ்சினை அணைத்துவிட்டு ஹீட்டரை மறந்து போட்டுவைப்பதுதான் ஆபத்து. பத்து மணி நேரத்தில் 25 ஆம்பியர் மணி போய்விடும். ஜீப்பில் இருப்பது 50 அல்லது 60 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் பாதி காலி. டீசல் எஞ்சினைக் காலையில் அந்த மிச்சத்தில் சுற்றவைப்பது கஷ்டம். அதனால் சாவியை அணைத்தால் ஹீட்டரும் அணையும்படிதான் வயரிங் இருக்க வேண்டும்.

என் வண்டி ராணுவ ஏலத்தில் எடுத்தது. அதற்கும் இதே பேட் ஆகுமா?

முதலில் மல்டிமீட்டரை வைத்து வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள். ராணுவ வண்டிகளில் 24 வோல்ட் உண்டு. 12 வோல்ட் பேடை 24 வோல்ட்டில் கொடுத்தால் நாலு மடங்கு வாட் எடுக்கும், 15 வாட் பேட் 60 வாட்டாகச் சூடாகிக் கண்ணாடியையே உடைத்துவிடலாம். 24 வோல்ட் பேட் லாரிகளுக்கு வருகிறது, அதை வாங்கலாம். இல்லையென்றால் ஒரே மாதிரியான இரண்டு சாதாரண 12 வோல்ட் பேடுகளை வரிசையாக, ஒன்றின் முடிவை இன்னொன்றின் தொடக்கத்தில் இணைத்தால் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும். ஒன்று பழுதானால் இரண்டுமே நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கண்ணாடியை உடைக்காமல் எப்படிக் கழற்றுவது?

கண்ணாடியின் முன்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக அகல டேப் ஒட்டிவிடுங்கள். உடைந்தாலும் சிதறாது. கையுறையும் கண்ணுக்குக் காப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

பசையில் ஒட்டிய கண்ணாடி என்றால், நம் ஊர் உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் மிரரைச் சூரியனைப் பார்க்கத் திருப்பிவைத்தாலே பசை பாதி இளகிவிடும். மிச்சத்துக்கு ஹேர் டிரையர் போதும். பிளாஸ்டிக் பட்டையை ஓரத்தில் நுழைத்து, ஒரே இடத்தில் நெம்பாமல் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி என்றால் சோப்புத் தண்ணீர் விட்டு ரப்பரை மடித்து எடுக்கலாம். சில பழைய மிரர்களில் தகரக் கூட்டின் விளிம்பையே கண்ணாடி மேல் மடித்து அடித்திருப்பார்கள். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், மிரர் தலையையே மாற்றுங்கள்.

கழற்றிய கண்ணாடியின் ஓரத்தைக் கவனியுங்கள். கருப்புப் புள்ளிகள் ஓரத்திலிருந்து உள்ளே ஊர்ந்திருந்தால் பின்பூச்சை உப்பு தின்னத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கண்ணாடிக்குப் பேட் ஒட்டுவது வீண். புதுக் கண்ணாடி வாங்கி அதில் ஒட்டுங்கள். பழையது குவி ஆடி என்றால் புதியதும் குவி ஆடியாகவே இருக்கட்டும்.

பேடை ஒட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பின்பக்கத்துப் பழைய பசையைக் கத்தியால் சுரண்டினால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். துணியில் ஸ்பிரிட் தொட்டுப் பொறுமையாகத் துடைத்து எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு பேடை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிக்கொண்டே ஒட்டுங்கள். காற்றுக்குமிழி நின்றால் அந்த இடத்தில் சூடு கண்ணாடிக்குப் போகாமல் பேடிலேயே தேங்கும், ஒரு நாள் அங்கேயே கருகும். சில சமயம் கண்ணாடியும் அங்கிருந்து விரியும்.

வயர் வெளிவரும் முனை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். கூட்டுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும், போனது முனையில் தேங்காமல் இறங்கிவிட வேண்டும். கூட்டின் அடியில் வடிகால் ஓட்டை இருக்கிறதா, இருந்தால் மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தகரக் கூடு என்றால் பேடுக்கும் தகரத்துக்கும் நடுவே மெல்லிய ஃபோம் தாள் ஒன்று வைக்க வேண்டும். உரசி ஷார்ட் ஆகாது, சூடும் பின்னால் ஓடாமல் கண்ணாடிக்கே போகும்.

ஓரத்தை அடைக்க சிலிக்கான் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். வினிகர் வாடை அடிக்கும் மலிவான சிலிக்கான் வேண்டாம். காயும்போது அதிலிருந்து வெளிவரும் அமிலம் கண்ணாடியின் பின்பூச்சையும் செம்பு முனைகளையும் அரிக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் கூடுதல் விலைதான், ஆனால் இந்தக் கடற்கரையில் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

கதவு வழியாக வயரை எப்படிக் கொண்டுவருவது?

மிரர் கதவில் இல்லாமல் வண்டியின் உடம்பிலேயே திருகியிருந்தால் வேலை சுலபம். தாங்கியை ஒட்டியே வயரை இறக்கி, ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பு வயரை அறுக்காமல் காக்கும் வளையம்) போட்ட ஓர் ஓட்டை வழியாக உள்ளே கொண்டுபோகலாம். கதவில் மிரர் உள்ள வண்டியில் கதவுக்கும் அதைத் தாங்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் வயர் போக வேண்டும். கதவை முழுசாகத் திறந்தும் மூடியும் பாருங்கள். திறந்தால் இழுபடக் கூடாது, மூடினால் நசுங்கக் கூடாது. உள்ளே நுழையும் முன் வயர் ஒரு வளைவாகக் கீழே தொங்கி மேலே ஏறட்டும், வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கழற்றி வைக்கக்கூடிய கதவு என்றால் தண்ணீர் புகாத கனெக்டர் ஒன்று அவசியம்.

ஒரு வருஷத்திலேயே வயர் கெட்டுப்போகிறது என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். நம் ஊரில் மிரர் ஹீட்டர் பழுதாவதற்கு முக்கியக் காரணம் பேட் இல்லை, வயர்தான்.

பழைய ஜீப்பின் கதவோரம் போகும் வயர் ஒன்றின் முனையை எடுத்து மேல்தோலை ஓர் அங்குலம் உரித்துப் பாருங்கள். புது வயரில் செம்பு இழைகள் பளபளவென்று இருக்கும். இதில் கருத்திருக்கும், அல்லது பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். விரலில் உருட்டினால் இழைகள் பொடியாக உதிரும். சரி, இன்னும் உள்ளே நல்ல செம்பு இருக்கும் என்று மேலும் உரித்தால் அங்கேயும் கருப்புத்தான். உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல உள்ளே ஏறிக்கொண்டே போகும். வெளியே பிளாஸ்டிக் தோல் புதுசு போலவே இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

இதற்கு மருந்து மூன்று. ஒன்று, வெள்ளீயம் பூசிய செம்பு வயர். படகுகளுக்குப் போடுவது அதுதான். விசைப்படகில் வயரிங் செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், உப்போடு தினமும் போராடுகிறவர்கள் என்பதால் அவர்கள் சொல்லும் யோசனைக்கு மதிப்புண்டு. முக்கிய வயர் ஒன்றரை சதுர மில்லிமீட்டர், மிரருக்குப் பிரியும் வயர் ஒரு சதுர மில்லிமீட்டர் போதும். இரண்டு, இணைப்பு. முறுக்கிக் கருப்பு டேப் சுற்றுவது இங்கே ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வயர் முனைகளை உலோகக் குழலில் வைத்து நசுக்கும் கிரிம்ப்பை நன்றாக அடித்து, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சூடாக்குங்கள். பசை இரண்டு ஓரத்திலும் லேசாகப் பிதுங்கி வர வேண்டும், அப்போதுதான் உள்ளே ஈரம் புகாது. சோல்டரிங் பிடிக்கும் என்பவர்கள் செய்யலாம், ஆனால் ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்துவிடும், ஜீப் குலுக்கலில் அங்கேதான் ஒடியும். மூன்று, எர்த். மிரரைத் தாங்கும் துருப்பிடித்த திருகிலேயே எர்த் எடுப்பது பலர் செய்வது. வேண்டாம். எர்த் வயரையும் உள்ளே கொண்டுவந்து, பெயின்டைச் சுரண்டிய சுத்தமான தகரத்தில் வளைய லக் வைத்து முடுக்கி, அதன்மேல் வாசலின் அல்லது கிரீஸ் கனமாகப் பூசுங்கள்.

ரிலே அவசியமா? எப்படி இணைப்பது?

3 ஆம்பியரை நல்ல சுவிட்ச் நேராகவே தாங்கும். ஆனால் பழைய ஜீப்பின் சாவி சுவிட்ச் ஏற்கெனவே தேய்ந்துபோனது, அதன் தலையில் இன்னொரு சுமை ஏன்? ரிலே என்பது சிறிய கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். அதைப் போட்டால் சாவியிலிருந்து மிகச் சிறிய கரண்ட் மட்டும் போகும்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு வயர், முடிந்த அளவு பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் எண் முனை. 87-ஆம் முனையிலிருந்து இரண்டு மிரருக்கும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு வயரை எடுத்து, டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக 86-க்கு. 85 எர்த்துக்கு. சுவிட்சில் சிறு விளக்கு இருந்தால் போட்டது மறக்காது. ஃபியூஸை ரிலேக்குப் பக்கத்தில் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையே உள்ள வயர் எங்காவது தகரத்தில் உரசினால் அதைத் தடுக்க ஒன்றுமே இருக்காது, வயர் எரியும். அதனால் ஃபியூஸ் பேட்டரி பக்கம்தான்.

எவ்வளவு நேரம் போட்டுவைக்கலாம்?

ஒரு மிரரில் படியும் பனி ஒரு கிராம், ஒன்றரை கிராம் அளவு என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,400 ஜூல் வேண்டும். 15 வாட் பேட் அதை இரண்டே முக்கால் நிமிடத்தில் கொடுக்கும். கண்ணாடி சூடாகும் நேரம், காற்றில் போகும் சூடு எல்லாம் சேர்த்து ஐந்தாறு நிமிடம். பெரும்பாலும் நடுவில் ஒரு தெளிந்த வட்டம் தோன்றி, அது ஓரத்தை நோக்கி விரியும். ஓரம் முழுசாகத் தெளியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, பின்னால் வருவது தெரிந்தால் கிளம்பலாம்.

மூடுபனியில் ஓட்டும்போது விட்டுவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பகலில் அணைத்துவிடுங்கள். காற்றில்லாமல் நிற்கும் வண்டியில் பேட் கண்ணாடியை 20, 30 டிகிரி ஏற்றிவிடும், அது சித்திரை வெயிலோடு சேர்ந்தால் பசை இளகும். பத்து நிமிடத்தில் தானாக அணைக்கும் டைமர் ரிலே கிடைத்தால் சாதாரண ரிலேக்குப் பதில் அதையே போடுங்கள்.

மிரர் தெளிந்துவிட்டது, ஆனாலும் உள்ளிருந்து பார்த்தால் மங்கலாகவே இருக்கிறதே?

நீங்கள் மிரரைப் பார்ப்பது கதவுக் கண்ணாடி வழியாக. அதிலும் பனி இருக்கும். இறக்கக்கூடிய கண்ணாடி என்றால் ஒரு தடவை முழுசாக இறக்கி ஏற்றுங்கள், ஓர ரப்பர் பாதியைத் துடைத்துவிடும். கேன்வாஸ் கதவில் தைத்திருக்கும் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகிப் போயிருந்தால் எந்த ஹீட்டரும் உதவாது. முதலில் அதை மாற்றுங்கள், மிரர் ஹீட்டர் அப்புறம்.

எஃப்.சி. காட்டும்போது பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுப்பது, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை. மிரருக்கு உள்ளே பேட் ஒட்டுவதால் அந்த விவரம் எதுவும் மாறாது. 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது, மிரர் உடையாமல், ஆடாமல், சரியாகத் தெரியும்படி இருக்க வேண்டும். வயர் வெளியே தொங்கிக்கொண்டு இருந்தால் கேள்வி வரத்தான் செய்யும், அதை ஒழுங்காக மறைத்துக் கட்டிவிடுங்கள்.

புதுசாக ஓட்டை போட்ட இடம் துருப்பிடிக்காமல் இருக்க?

ஓட்டை போட்டதும் விளிம்பை அரத்தால் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்துக் காயவிட்ட பிறகே குரோமெட்டோ திருகோ போடுங்கள். ஸ்டெயின்லெஸ் திருகு போட்டால் துரு வராது என்பது பாதி உண்மை. திருகு துருப்பிடிக்காது, அதைச் சுற்றியுள்ள ஜீப்பின் தகரம் வேகமாக அரித்துப்போகும். இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் அப்படித்தான் நடக்கும். அடியில் நைலான் வாஷர் வைத்து, மரையில் கிரீஸ் தடவி முடுக்குங்கள்.

திடீரென்று ஒரு மிரர் மட்டும் சூடாகவில்லை. எங்கே தேடுவது?

இரண்டும் நின்றிருந்தால் ஃபியூஸ், ரிலே, சுவிட்ச் என்று அந்த வரிசையில் பாருங்கள். ஒன்று மட்டும் என்றால் கோளாறு பெரும்பாலும் கதவுக்கும் தூணுக்கும் நடுவே, அல்லது எர்த்தில். ஹீட்டரைப் போட்டுவிட்டு, மிரர் பக்கத்துக் கனெக்டரை மாட்டியபடியே மல்டிமீட்டரால் வோல்ட் அளந்து பாருங்கள். கழற்றி அளந்தால் களிம்பேறிய வயர்கூட 12 வோல்ட் காட்டி ஏமாற்றும், சுமை இருக்கும்போதுதான் அதன் நிஜம் தெரியும். எஞ்சின் ஓடும்போது 13 வோல்ட்டுக்கு மேல் வந்தால் வயர் நன்றாக இருக்கிறது. 8, 9 என்று காட்டினால் நடுவே எங்கோ அரித்திருக்கிறது. வோல்ட் சரியாக இருந்தும் சூடாகவில்லை என்றால் கனெக்டரைக் கழற்றிப் பேடின் மின்தடையை அளந்து பாருங்கள். 15 வாட் சாதாரண பேட் 10 ஓம் பக்கம் காட்ட வேண்டும், பி.டி.சி. பேட் குளிர்ந்திருக்கும்போது அதைவிடக் குறைவாகக் காட்டலாம். மீட்டர் ஒன்றுமே காட்டாமல் திறந்த சர்க்யூட் என்றால் பேட் அறுந்துவிட்டது. கண்ணாடியோடு சேர்த்து மாற்றிவிடுங்கள், ஒட்டிய பேடை உரித்து எடுத்தால் பின்பூச்சும் கூடவே வந்துவிடும்.